அறுபத்தொரு நகல்களும் ஒரு கருப்புத் திரையும்

கடவுச்சொல்லை அடித்தேன். திரை ஒரு நொடி கருத்தது. பிறகு மறுபடியும் அதே கட்டம் வந்து நின்று அதே கடவுச்சொல்லைக் கேட்டது.

மறுபடி அடித்தேன். மறுபடி கருத்தது. மறுபடி அதே கட்டம்.

காலை எட்டே முக்கால் இருக்கும். பத்தரைக்குப் பெரிய கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வருகிறார்கள். நாங்கள் அனுப்பிய சரக்கில் ஏதாவது ஒரு பேட்ச் நம்பரைச் சொல்லி, "இதோட சர்டிபிகேட்டக் காட்டுங்க" என்பார்கள். காட்ட வேண்டியவள் நான். சர்டிபிகேட் எல்லாம் இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளே. கம்ப்யூட்டரோ என்னை உள்ளேயே விட மாட்டேன் என்கிறது.

அந்தக் கம்பெனி வேலை கைவிட்டுப் போனால் எங்கள் இரண்டாவது உலையை அணைத்துவிட வேண்டியதுதான். அதை நம்பி ஐந்து பேர் இருந்தார்கள்.

"இன்னா லூர்தக்கா, மூஞ்சி சுண்ணாம்பு மாரி வெளுத்து கீது?" என்றபடி குமரேசன் எட்டிப் பார்த்தான். உலை பார்க்கிறவன். அந்த ஐந்து பேரில் ஒருவன்.

"உள்ள போக மாட்டேங்குதுடா."

"ரெண்டு தட்டு தட்டிப் பாரேன்."

"இது உங்க ஊட்டு டிவியாடா?"

பயம் எனக்குப் புதிதில்லை. சென்னீர்குப்பத்தில் பஸ் ஏறின பிறகு, கேஸை மூடினோமா என்ற சந்தேகத்தில் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கித் திரும்பி ஓடியவள் நான். சித்திரை வெயிலிலும் பையில் குடை இருக்கும். என் பயங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வீண் பயம். அன்றைக்கு வந்தது மிச்சம் இருந்த அந்த ஒன்று.

அதைச் சொல்வதற்கு முன்னால், அந்தக் கம்ப்யூட்டருக்கும் எனக்கும் எப்படி உறவு ஏற்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பாயின் திருட்டுச் சரக்கு

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்களுடையது சின்ன ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறை. வெளியிலிருந்து பல்சக்கரம், பின், ஷாஃப்ட் என்று வரும். உலையில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் கெட்டிப்படும். எவ்வளவு கெட்டி என்று சோதித்து, அந்த அளவை எழுதி, ஒரு சர்டிபிகேட்டோடு திருப்பி அனுப்ப வேண்டும்.

ஒன்பதாம் வகுப்போடு நான் நின்றுபோன கதையைத்தான் இந்தத் தொடரில் ஏற்கெனவே எழுதிவிட்டேனே. பட்டறையில் பேக்கிங்குக்குத்தான் சேர்ந்தேன். பெட்டிகள் மேல் நான் எழுதிய நம்பர்களை முதலாளி ஜமால் பாய் ஒருநாள் நின்று பார்த்தார். "கையெழுத்து முத்து முத்தா கீதே, ஏம்மா இங்க குந்திக்கினு கீற?" என்று கேட்டு, சர்டிபிகேட் எழுதும் மேஜைக்கு மாற்றினார். பூந்தமல்லிக்காரர். குரல் பெரிசு, மனசும் பெரிசு. பிறகு கையெழுத்துக்கு வேலையே இல்லாமல், அதே மேஜைக்குக் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. நானும் அதோடு ஒட்டிக்கொண்டேன்.

பல வருஷம் விண்டோஸ்தான். ஒருநாள் அந்தப் பெரிய கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. எங்களோடு வேலை செய்கிறவர்கள் திருட்டு மென்பொருள் வைத்திருக்கக் கூடாது, ஆடிட்டில் அதையும் பார்ப்போம் என்று.

"நம்மளுது ஒரிஜினல்தானே?" என்று பாய் என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? நான் பிரேமாவுக்குப் போன் போட்டேன்.

பிரேமா ஆவடிப் பொண்ணு. எஸ்டேட்டில் பத்துப் பதினைந்து பட்டறைகளின் கம்ப்யூட்டர்களை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். தோளில் ஒரு பை, வாயில் எப்போதும் ஒரு மிட்டாய். வந்து பார்த்தாள். சிரித்தாள்.

"பாய், இது யாரோ போட்டுக் குடுத்த காப்பி. லைசென்சும் இல்ல, ஒண்ணும் இல்ல."

பாய் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "இத்தினி வருஷமா திருட்டுச் சரக்கையா ஓட்டிக்கினு இருந்தோம்? இது தெரியாம நான் பாட்டுக்கு அது மேல கைய வெச்சு பிஸ்மில்லா சொல்லிக்கினு இருந்தேனேம்மா!"

"விடுங்க பாய். லினக்ஸ் போட்டுடலாம். அத யார் வேணா வெச்சுக்கலாம். இந்தப் பழைய மிஷினுக்கும் அதுதான் லாயக்கு."

பாய் முகம் மலர்ந்தது. என் முகம் விழுந்தது.

ரிஃப்ரெஷ் இல்லாத ஊர்

புதுத் திரையைப் பார்த்ததும் என் கை முதலில் தேடியது என்ன தெரியுமா? ரிஃப்ரெஷ்.

விண்டோஸ் தெரிந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வெற்றுத் திரையில் மவுஸின் வலது பொத்தானை அமுக்கினால் ஒரு பட்டியல் வரும். அதில் ரிஃப்ரெஷ் என்று ஒன்று. அதை அமுக்கினால் படங்கள் எல்லாம் ஒருமுறை கண்ணைச் சிமிட்டும். வேலை தொடங்குவதற்கு முன் நாலு தடவை, ஒரு பைலைத் திறப்பதற்கு முன் இரண்டு தடவை, சும்மா இருந்தால் பத்துத் தடவை நான் அதை அமுக்குவேன். அமுக்கினால் நெஞ்சு கொஞ்சம் லேசாகும்.

இங்கே வலது பொத்தானை அமுக்கினேன். பட்டியல் வந்தது. ரிஃப்ரெஷைக் காணோம்.

"பிரேமா, இதுல ரிஃப்ரெஷ் எங்க?"

"எதுக்குக்கா அது?"

"எதுக்குன்னா... ரிஃப்ரெஷ் பண்றதுக்கு."

"அது தேவையே இல்லக்கா. விண்டோஸ்லயுந்தான் தேவையில்ல. நீ சும்மா அமுக்கிக்கினு இருந்திருக்க."

இத்தனை வருஷம் கேஸ் குமிழைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தவளிடம், உங்கள் வீட்டில் கேஸ் இணைப்பே கிடையாது என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது எனக்கு.

செத்துப்போன கீபோர்டு

அடுத்த வாரமே இன்னொரு கலவரம். பிரின்டருக்கு ஏதோ சேர்க்க வேண்டும் என்று பிரேமா போனில் ஒரு வரி சொன்னாள். டெர்மினல் என்கிற கருப்பு ஜன்னலைத் திறந்து அடித்தேன். கடவுச்சொல் கேட்டது. அடித்தேன். ஒன்றும் விழவில்லை. ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரம், எதுவும் இல்லை. பலமாக அடித்தேன். அப்போதும் இல்லை.

குமரேசனைக் கூப்பிட்டேன். அவன் கிரீஸ் கையால் நாலு எழுத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, டாக்டர் மாதிரி தலையை ஆட்டினான். "போச்சுக்கா. கீபோடு செத்துப் பூட்சு."

பாயிடம் சொல்லி ஆள் அனுப்பிப் புது கீபோர்டே வந்துவிட்டது. அதிலும் ஒன்றும் விழவில்லை. பிரேமா போனில் சிரித்த சிரிப்பு அடுத்த பட்டறை வரைக்கும் கேட்டிருக்கும்.

"அக்கா, கடவுச்சொல் அதுல தெரியாதுக்கா! பின்னாடி நிக்கிறவன் எத்தனை எழுத்துன்னு கூட எண்ணக் கூடாதுன்னுதான் அப்படி. கண்ண மூடிக்கினு அடிச்சு என்டர் தட்டு."

தட்டினேன். வேலை செய்தது. ஏ.டி.எம்.மில் ஒரு கையால் அமுக்கி, மறு கையால் மறைத்து, அதன் மேல் முந்தானையையும் போடுகிறவள் நான். முதல் முறையாக என்னைவிடப் பயந்த ஒன்றைச் சந்தித்தேன். அந்தக் கருப்பு ஜன்னல் மேல் எனக்கு ஒரு பாசம் வந்தது அன்றைக்குத்தான்.

பாசம் காதலானது ஒரு மத்தியானம். வண்டி வாசலில் ஹாரன் அடிக்கிறது, பிரின்டர் ஏதோ ஒரு தாளில் சிக்கிக்கொண்டு அடுத்ததை அடிக்க மறுக்கிறது. விண்டோஸ் காலத்தில் பிரின்டர், கம்ப்யூட்டர் இரண்டையும் அணைத்து, ஜெபம் சொல்லி, மறுபடி போட வேண்டும். பிரேமா போனில், "cancel -a, அவ்ளோதான்" என்றாள். அடித்தேன். வரிசையில் நின்ற அத்தனையும் கலைந்தது. வேண்டிய சர்டிபிகேட்டை மறுபடி அனுப்பினேன், சூடாக வெளியே வந்தது. ஒரே வரி!

அன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். மேலே சிலுவை போட்டு, முத்து முத்தாக எழுத ஆரம்பித்தேன்.

pwd: நான் எங்கே இருக்கிறேன்.
ls: இங்கே என்னென்ன இருக்கிறது.
cd: அங்கே போ.
mv: இடம் மாற்று. பேர் மாற்றவும் இதுதான்.
cp -r: அப்படியே மொத்தமாக நகல் எடு.

பள்ளிக்கூடத்தில் எனக்கு இங்கிலீஷ் என்றால் காய்ச்சல் வரும். இது பரவாயில்லை. இரண்டு மூன்று எழுத்துதான், அதற்கு மேல் கேட்பதில்லை.

எழுதாத பக்கம்

ஒரு பக்கத்தை மட்டும் வெள்ளையாக விட்டிருந்தேன். rm. அழிப்பதற்கு.

"இதுல குப்பைத்தொட்டி கெடையாதுக்கா," என்று பிரேமா சொல்லியிருந்தாள். "போனா போனதுதான். 'நிச்சயமா அழிக்கவா'ன்னு கேக்கவும் கேக்காது."

"அப்ப எனக்கு வேணாம்."

"எழுதி வெச்சுக்கவாவது செய்யேன்."

"எழுதினா கை தானாப் போட்டுடும். வேணாம்மா."

ஆனால் cp மேல் எனக்குக் கொள்ளை ஆசை. ஒவ்வொரு சாயங்காலமும், கிளம்புவதற்கு முன், சர்டிபிகேட் எல்லாம் இருக்கிற sandru என்ற பெட்டியை, அதாவது போல்டரை, அப்படியே நகல் எடுப்பேன். முதல் நாள் nagal1. மறுநாள் nagal2. பழையதை அழிக்கலாமே என்று தோன்றாமல் இல்லை. ஆனால் எந்த நகலில் எது கெட்டுப் போயிருக்கும், யாருக்குத் தெரியும்? இருக்கட்டும். உலைப் படங்களும், சோதித்த பீஸ்களின் படங்களுமாக ஒவ்வொன்றும் கனமான மூட்டை. நகல் எடுத்து முடித்து மெஷினை அணைத்தால் பஸ்ஸில் நிம்மதியாகத் தூக்கம் வரும்.

ஆடிட்டுக்கு முந்தின நாள் சாயங்காலமும் எடுத்தேன். nagal61. அது முடியும்போது இங்கிலீஷில் ஏதோ ஒரு நீள வரி வந்தது. மனசு திக்கென்றது. திக்கென்றால் நான் என்ன செய்வேன்? ஜன்னலை மூடினேன். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இல்லாத சத்தத்துக்கெல்லாம் எழுந்து உட்காருகிறவள், உண்மையிலேயே கதவைத் தட்டினபோது போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

நூறு சதம்

இப்போது மறுபடி அந்தக் காலைக்கு வருவோம். மணி ஒன்பது. பாய் வாசலில் தண்ணீர் தெளிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. அவர் காதில் விழாமல் போனை எடுத்தேன்.

பிரேமாவுக்குப் போன் போட்டேன். அவள் சென்ட்ரல் போகிற ரயிலில் இருந்தாள். பின்னால் பூக்காரியின் குரல்.

"உள்ள போயிட்டுத் திரும்பி வந்துடுதா? சரி, பயப்படாத. கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூணு. மூணையும் சேர்த்து அமுக்கு. திரும்பி வரணும்னா எஃப் மூணுக்குப் பதிலா எஃப் ஏழு."

அமுக்கினேன். மொத்தத் திரையும் கருப்பாகி, வெள்ளை எழுத்தில் என் பேர் கேட்டது. கடவுச்சொல் கேட்டது. ஒன்றும் தெரியாமல் அடிக்கிற வித்தைதான் எனக்கு இப்போது கைவந்த கலையாயிற்றே. உள்ளே போனேன்.

"df -h அடி. கோடு கோடா வரும். சதவீதம் எவ்ளோ காட்டுது?"

"நூறு."

அந்தப் பக்கம் மிட்டாய் கடிபடும் சத்தம் நின்றது. "அக்கா... டிஸ்க் முழுக்க ரொம்பிப் போச்சு. மூச்சு விட எடம் இல்ல, அதான் உள்ள விடல. என்னக்கா போட்டு வெச்ச?"

சொன்னேன்.

"அறுபத்தொண்ணா!" அவள் கத்தியதில் பூக்காரிகூட அமைதியானாள். "சரி, சரி. ஒண்ணும் கெட்டுப் போகல. rm, அப்புறம் -r, அப்புறம் nagal, ஒட்டி ஒரு நட்சத்திரம். நட்சத்திரம்னா அந்தப் பேர்ல ஆரம்பிக்கிற எல்லாமேன்னு அர்த்தம். அத்தனையும் போயிடும். அசல் வேற பேர்லதானே இருக்கு? அப்புறம் பாரு, தானா..."

லைன் போய்விட்டது. திரும்பப் போட்டேன். கிடைக்கவில்லை.

நோட்டில் வெள்ளையாக விட்ட பக்கம் என்னைப் பார்த்தது. வேறு வழியில்லை. ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். rm -r nagal*. விரல் என்டர் மேல் போய் நின்றது.

பின்னால் குமரேசன் டீ டம்ளரோடு நின்றிருந்தான். "இன்னாக்கா பண்ணப் போற?"

"அழிக்கப் போறேன். மொத்தமா."

"சாம்பிள் போட்டியா?"

அவன் கிண்டலாகத்தான் கேட்டான். ஆனால் எங்கள் பட்டறையில் அது கிண்டல் இல்லை. புது வகைச் சரக்கு வந்தால் மொத்தத்தையும் யாரும் உலையில் தள்ள மாட்டார்கள். ஒரே ஒரு பீஸை முதலில் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, எப்படி வந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் மீதி. விரிசல் விட்ட இரும்பை யாரும் ஒட்ட வைக்க முடியாதல்லவா?

அடித்ததை அழித்தேன். rm -r nagal1 என்று மட்டும் அடித்தேன். சாம்பிள் பீஸ். கண்ணை மூடி என்டர்.

ஒன்றுமே சொல்லவில்லை. கேட்கவும் இல்லை. அடுத்த வரிக்குப் போய்ச் சும்மா நின்றது.

போனது அது ஒன்றுதானா என்று பார்க்க ls தட்டினேன். பேர்கள் வரிசை வரிசையாக வந்தன. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். nagal1 இல்லை. சரி. எழுத்து வரிசைக் கணக்கில் nagal10, nagal11 என்று தொடங்கி, கடைசியாக nagal9 முடிந்து, அதற்கு அடுத்து ஒன்று இருந்தது.

nagalbhai.

விரலை அந்தப் பேர் மேலேயே அழுத்தி வைத்துக்கொண்டேன்.

ஒரு வருஷம் மழையில் எஸ்டேட் முழுக்க முழங்கால் தண்ணீர் நின்றதே, அப்போது கீழ்த்தட்டில் இருந்த பழைய சர்டிபிகேட் தாள்கள் ஊறிப்போயின. அவை கூழாவதற்குள் பாய் தானே தரையில் குந்தி, ஒவ்வொரு தாளையும் பிரித்து, மொபைலில் படம் பிடித்தார். தாள்கள் குப்பைக்குப் போயின. அந்த மொபைலும் போய்விட்டது. மிச்சம் இருந்தது இந்தப் பெட்டிதான். காகிதத்தின் நகல்தானே என்று பேர் வைத்தவள் நானேதான். மற்றதற்கெல்லாம் அறுபத்தொரு நகல் எடுத்தவள், இதற்கு ஒன்றுகூட எடுக்கவில்லை. பிரேமாவுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நட்சத்திரத்துக்கு என்ன, அதையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிருக்கும்.

"இன்னாக்கா, சாம்பிள் நல்லா வந்துச்சா?"

"வாய மூடிக்கினு நில்லுடா கொஞ்சம்."

நோட்டைப் புரட்டினேன். mv. பேர் மாற்ற. nagalbhai-யை bhaipadam ஆக்கினேன். மறுபடி ls. மாறியிருந்தது. மனசு கேட்கவில்லை, நல்லபடியாக முடிந்த nagal60-க்கும் வேறு பேர் கொடுத்து ஒதுக்கி வைத்தேன். இன்னொரு ls. இன்னும் ஒன்று. அதற்குப் பிறகுதான் அந்த நட்சத்திரத்தைப் போட்டேன்.

இந்த முறை கொஞ்ச நேரம் எடுத்தது. அந்த நேரத்தில் ஒரு 'அருள்நிறை மரியே' ஜெபம் சொல்லி முடித்தேன். பிறகு df -h. நூறு என்று இருந்த இடத்தில் நாற்பத்து மூன்று.

பழைய திரைக்குப் போய்க் கடவுச்சொல்லை அடித்தேன். கருத்தது. பிறகு மெதுவாக, பல் தேய்த்து முகம் கழுவிக்கொண்டு வருகிற மாதிரி, எங்கள் திரை வந்தது.

"ஹே!" என்று குமரேசன் டீயைச் சிந்தினான். "லூர்தக்கா உள்ள பூந்துட்ச்சு!"

பத்தரை மணி

ஆடிட்டுக்கு வந்தவர் கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். நாலு பேட்ச் நம்பர் சொன்னார். நாலையும் காட்டினேன். திரையைக் குனிந்து பார்த்தார்.

"விண்டோஸ் இல்லையா?"

"இல்ல சார்," என்று பாய் நெஞ்சை நிமிர்த்தினார். "திருட்டுச் சரக்கு நாங்க வெச்சுக்கறது இல்ல. லினக்ஸ்."

"பரவாயில்லையே. தினமும் பேக்கப் எடுக்கிறீங்களாம்மா?"

பின்னால் குமரேசனுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"எடுக்கிறோம் சார்," என்றேன். "தேவையான அளவுக்கு."

அவர் எதையோ டிக் அடித்தார். இரண்டாவது உலை அணையவில்லை.

பாயின் மழைப் படங்களை அன்று யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் நடந்ததையெல்லாம் ஒப்பித்தேன். பிரியாணியில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப நீ மொத்தமா அழிச்சிருந்தா?"

"போயிருக்கும் பாய்."

"அழிக்கலியே?"

"இல்ல பாய்."

"அப்ப சாப்டும்மா, ஆறிப்போவுது."

சாயங்காலம் பிரேமா வந்தாள். நான் அந்த வெள்ளைப் பக்கத்தில் அதற்குள் எழுதி முடித்திருந்தேன். rm: அழிப்பது. அதற்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில்: முன்னால் ls. பின்னால் ls. பிரேமா படித்துவிட்டுத் தன் மொபைலில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அன்றே bhaipadam-க்கு ஒரு நகல் எடுத்து ஒரு பென் டிரைவில் போட்டேன். ஒன்றே ஒன்று.

பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. இன்றைக்கும் குடையோடுதான் பஸ் ஏறுகிறேன். ஆனால் ரிஃப்ரெஷை என் கை தேடுவதில்லை. வேலைக்கு நடுவில் நெஞ்சு படபடத்தால் கருப்பு ஜன்னலைத் திறந்து இரண்டு எழுத்தைத் தட்டுகிறேன். ரிஃப்ரெஷ் வெறுமனே கண்ணைத்தான் சிமிட்டும். இது பேர் சொல்லிப் பதில் சொல்கிறது.

"இன்னாக்கா, சும்மா அதையே தட்டிக்கினு கீற?" என்று குமரேசன் போகிற போக்கில் கேட்பான்.

"எல்லாம் இருக்குதான்னு பாக்கறேன்டா."

"கீதா?"

விரலை வைத்து ஒருமுறை மேலிருந்து கீழ் வரைக்கும் படிப்பேன்.

"இருக்குதுடா."